திரையில் விட்டுவந்த உயிர்

அத்தியாயம் 11

டெல்ஃபினின் படத்தைப் பார்த்துவிட்டு பெரு நாட்டு மலைநகரமான வாமங்காவே மிரண்டுபோய்க் கிடந்தது. தம்பியின் பெயர் சந்தையில் அடிபடுவதைக் கேட்டு எலாடியாவுக்கு ஆரம்பத்தில் கால் தரையிலேயே படவில்லை.

"ஏன்டி எலாடியா, உன் தம்பி என்ன வேலை பண்ணி வச்சிருக்கான் பாரு! என் வீட்டுக்காரரு, அந்த உடம்ப வச்சுக்கிட்டு, ராத்திரி கொல்லைப்பக்கம் போக என்னைத் துணைக்கு எழுப்புறாரு" என்று கறிக்கடைக்காரி வந்து சொன்னபோது எலாடியா விழுந்து விழுந்து சிரித்தாள். தன் ரொட்டிக் கூடையிலிருந்து அவளுக்குக் கேட்டதற்கு மேல் இரண்டு ரொட்டி சேர்த்துப் போட்டுக் கொடுத்தாள்.

படத்தில் வருவது ஊருக்கெல்லாம் தெரிந்த கதைதான். முறைகெட்ட உறவு வைத்தவர்கள் இரவில் லாமா என்னும் சுமைமிருகமாக உருமாறி மலையெங்கும் கத்திக்கொண்டு திரிவார்கள் என்பார்களே, அது. இளவட்டங்கள் அந்த மிருகத்துக்குப் பயந்தார்கள். நடுவயதைத் தாண்டிய பெண்கள் பயந்தது வேறொன்றுக்கு. படத்தின் நடுவில் ஒரு பெண் பள்ளத்தில் இறங்கி, குப்புறக் கிடக்கும் பிணத்தைத் தோளைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாள். கொஞ்ச நேரம்தான் வரும். அதைப் பார்த்த பிறகு அந்தப் பெண்கள் யாரும் படத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. எலாடியாவிடம் ரொட்டி வாங்கும்போதுகூட அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிப் போனார்கள்.

அவர்களில் ஒருத்திதான் எலாடியாவின் அம்மா லியோன்சியா.

"பெத்த பிள்ளை படம் எடுத்திருக்கான், நீ வீட்டுல கிழங்கு உரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பியா?" என்று அம்மாவை வற்புறுத்திக் கூட்டிப்போனவள் எலாடியாதான். புதுத் தொப்பி மாட்டி, நகராட்சி மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார வைத்தாள். அந்தக் காட்சி வந்தபோது லியோன்சியா எழுந்து நின்று என்னவோ சொன்னாள். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து படுத்தவள்தான். சூப்பை ஊட்டினால் கடைவாயில் வழிந்தது. கண்ணைத் திறந்தபடியே தூங்கினாள். சுகாதார நிலையத்து டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி டானிக் எழுதிக் கொடுத்தார். அம்மா கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறாள் என்பது எலாடியாவுக்கு நன்றாகத் தெரிந்தது. நாளுக்கு நாள் போர்வைக்கடியில் உடம்பு இருக்கிற இடமே தெரியவில்லை.

"டானிக்கை முதல்ல அந்த டாக்டருக்கு ஊத்து" என்றாள் கசிமிரா. சந்தையில் எலாடியாவுக்குப் பக்கத்தில் மூலிகை விற்பவள், கைராசிக்காரி, வாய்த்துடுக்கும் அதற்குச் சமமாகவே உண்டு. "இது பயந்த கோளாறு. உயிர் உடம்ப விட்டு எறங்கி, பயந்த எடத்துலயே நின்னுடுச்சு. போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கூட்டியாரணும்."

போன வாரம் மண்டபத்துக்குப் போய்க் கூப்பிட்டார்கள். வரவில்லை.

இன்று காலையில் கசிமிரா மறுபடி வந்தாள். வந்ததும் லியோன்சியாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். கன்னத்தில் அதக்கியிருந்த கோக்கா இலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தாள். வழக்கமான கேலி ஒன்றும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

"எடத்தத் தப்பாப் புடிச்சுட்டோம்டி" என்றாள் கசிமிரா.

"ஏன், அங்கதான பயந்தாங்க?"

"மண்டபத்துல என்ன இருக்கு? ஒரு வெள்ளைத் துணி. துணியில உயிர் எப்படிடி தங்கும்? அவன் அந்தக் காட்சிய எங்க புடிச்சானோ, உங்கம்மா உயிர் நேரா அங்க போயிடுச்சு. எங்க புடிச்சான்னு அவனக் கேளு. நேரம் இல்ல எலாடியா. ஒளிச்சுப் பேசல, இன்னிக்குப் போகலேன்னா அப்புறம் போயே பிரயோஜனமில்ல."

டெல்ஃபின் முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்தான். புரொஜெக்டரையும் சாமான்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடத்திலும் சந்தைக் கொட்டகையிலும் படம் போடுவது அவனும் அவன் கூட்டாளி ரோமுலோவும்தான். அம்மாவுக்கு முடியவில்லை என்று தகவல் வந்ததும் ரோமுலோவைப் புக்கியோவில் விட்டுவிட்டு ஓடிவந்தான். கட்டில் பக்கத்தில் தரையிலேயே தூங்கிப்போயிருந்த அவனை எலாடியா உலுக்கி எழுப்பினாள்.

"டேய், அந்தப் பள்ளத்துக் காட்சி. அதை எங்கடா எடுத்தீங்க?"

"எந்தப் பள்ளம்?"

"விளையாடாத."

"அது... பல எடத்துல எடுத்தோம்கா. வெட்டி ஒட்டுறது. இங்க ஒரு துண்டு, அங்க ஒரு துண்டு."

"பிணத்தைத் திருப்புற துண்டு எங்க?"

அவன் சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான். சின்ன வயதில் பால் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு நின்ற அதே நிற்பு. அவனைத் தூக்கி வளர்த்தவளுக்கு அந்த நிற்பு தெரியாதா?

"வைராபுங்கு" என்றான்.

அந்தப் பெயரை வாமங்காவில் வீட்டுக்குள் யாரும் சொல்வதில்லை. ராணுவத்துக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்கும் சண்டை நடந்த வருஷங்களில் இரவில் சிப்பாய்கள் வீடு புகுந்து ஆண்களைத் தூக்கிப் போவார்கள். விடிந்ததும் பெண்கள், கொன்ற உடல்களை வீசும் வைராபுங்குப் பள்ளத்துக்கு ஓடுவார்கள். பன்றிகள் வருவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

எலாடியாவின் அப்பா நெமேசியோவையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். செங்கல் சூளைக்காரர். அப்போது எலாடியா சிறுமி, டெல்ஃபின் அம்மா வயிற்றில். அப்பா திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. வளர்ந்த பிறகு அவரைத் தேடுவதே எலாடியாவின் வாழ்க்கையாகிவிட்டது. எந்த மலையில் புதைகுழி தோண்டினாலும், அங்கே வெள்ளைத் துணியில் பரப்பிவைக்கும் கந்தல்களைப் பார்க்க அப்பாவின் புகைப்படத்தோடு போய் நிற்பாள். அப்பாவை அடக்கம் செய்த பிறகுதான் கல்யாணம் என்று ஆபேலிடம் சொன்னாள். பாவம், அவனும் வருஷக்கணக்கில் காத்திருந்து பார்த்துவிட்டு லிமாவுக்குப் போய் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான்.

இதெல்லாம் அவளுக்குள் ஒரே மூச்சில் பொங்கி வந்தது. பளாரென்று ஓர் அறை விட்டாள்.

"உனக்குப் படம் எடுக்க வேற எடமே கெடைக்கலையாடா?"

"அங்க யாரும் வரமாட்டாங்கக்கா, தொந்தரவு இல்ல. பாறை நல்லா இருந்துச்சு, சாயங்கால வெளிச்சமும்..." அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு அது வெறும் பள்ளம்தான். நீயும் சொன்னதில்ல, அம்மாவும் சொன்னதில்ல. நான் வந்தாலே பேச்சை நிறுத்திடுவீங்க. ஊர்ல நாலு பேர் குசுகுசுன்னு பேசினத வச்சுத்தான் அந்தக் காட்சியவே எழுதுனேன்."

 சின்னவன் பயந்துவிடுவான், சின்னவன் பயந்துவிடுவான் என்றே மூடிமூடி வைத்திருந்தார்கள்.

"நானும் வரேன்."

மூவரும் திரும்பினார்கள். லியோன்சியா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். படம் பார்த்து வந்த பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. குரல் கரகரத்தது.

"நீ வரக் கூடாது தாயி" என்று கசிமிரா பதறிப்போய் அவள் தோளை அமுக்கினாள். "பயந்தவங்க பயந்த எடத்துக்குப் போனா, மிச்சம் இருக்கிறதும் போயிடும். உன் போர்வைய மட்டும் குடு. பிள்ளைங்க போய் அதுல சுருட்டிக் கொண்டாந்து உன் மேல போத்துவாங்க."

"என் தொப்பிய எடு எலாடியா" என்றாள் லியோன்சியா. கசிமிரா சொன்னது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

எலாடியா தயங்கினாள். பிறகு தொப்பியை எடுத்தாள். பேச்சற்றுக் கிடந்தவள் பேசுகிறாள், உட்கார்ந்திருக்கிறாள். நம்பிக்கை என்பது பொல்லாதது. எலும்புக்கூடாய்க் கிடந்த அம்மாவுக்குத் தொப்பி மாட்டும்போது, மாலைக்குள் இவள் ஒரு கிண்ணம் சூப் குடித்துவிடுவாள் என்றே எலாடியா நினைத்தாள்.

சாலை முடிகிற இடம் வரை மூன்று சக்கர வண்டி போனது. அதற்கப்புறம் கற்றாழைப் புதர்களுக்கிடையே ஒற்றையடிப் பாதை. டெல்ஃபின் அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டான்.

"ஒண்ணுமே கனக்கலக்கா" என்றான் மெதுவாக. எலாடியா அவனுக்குப் பின்னால் நடந்தாள். கசிமிரா கொடுத்தனுப்பிய கார்னேஷன் பூவும் மிட்டாயும் கோக்கா இலையும் அவள் கைப்பையில் இருந்தன.

வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் டெல்ஃபின் வலதுபக்கம் திரும்பினான்.

"அது சுத்து வழி. இந்தப் பக்கம் எறங்கு" என்றாள் முதுகிலிருந்த லியோன்சியா.

"இங்க பாதையே இல்லையேம்மா?"

"மரத்துக்குப் பின்னால இருக்கும். எறங்கு."

இருந்தது. முள் மூடிய ஒரு சரிவுப்பாதை. படம் எடுப்பதற்காகப் பலமுறை வந்துபோன டெல்ஃபினுக்கே அது தெரியாது. அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று எலாடியா அதிசயப்படவில்லை. அந்தக் காலத்தில் எல்லாப் பெண்களும் இங்கே வந்தவர்கள்தானே. அம்மாவும் வந்தாள், ஒவ்வொரு உடலாகப் புரட்டினாள், அப்பா அங்கே இல்லை. எலாடியா சிறுமியாக இருந்தபோது அம்மா சொன்னது அதுதான்: "அங்க இல்லடி. வேற எங்கயோ கொண்டு போயிருக்காங்க." அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அவள் மலைமலையாக அலைந்தாள்.

பள்ளத்தின் அடியில் காற்றே இல்லை. கழுதைக் காது போல மேலே இரண்டாகப் பிளந்த ஒரு பெரும்பாறை நின்றது. அதைப் பார்த்ததும் எலாடியாவுக்குப் படம் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண் குனிந்தபோது பின்னால் தெரிந்தது இதே பாறைதான்.

"இங்கதான்கா. நான் கேமராவோட அங்க நின்னேன்" என்று டெல்ஃபின் எதிர்மேட்டைக் காட்டினான். காட்டிய கையை உடனே மடக்கிக்கொண்டான்.

அம்மாவை ஒரு கல்லில் உட்கார வைத்துவிட்டு, அவள் தோளிலிருந்த சிவப்புப் போர்வையை எலாடியா தரையில் விரித்தாள். பூவை வைத்தாள், மிட்டாயை வைத்தாள், இலையைப் பரப்பினாள். ஒரு தாய் குழந்தையைக் கூப்பிடுவது போல இளகின குரலில் கூப்பிட வேண்டும் என்று கசிமிரா சொல்லியனுப்பியிருந்தாள்.

"லியோன்சியா! வா, வீட்டுக்குப் போயிடலாம் வா. இங்க இருக்காத. பிள்ளைங்க வந்திருக்கோம், அடுப்புல சூப்பு இருக்கு, வா லியோன்சியா..."

சொந்த அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நாக்குக்குக் கூச்சமாக இருந்தது. குரல் பாறையில் பட்டுத் திரும்பியது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்.  கடைசியில் கூப்பிடுவதை மறந்து வெறுமனே கெஞ்சிக்கொண்டிருந்தாள். "வாம்மா... என்ன விட்டுட்டுப் போயிடாதம்மா... எனக்கு வேற யாரும்மா இருக்கா?"

"போதும் எலாடியா. கத்தாத" என்றாள் லியோன்சியா. "என் உயிர் தொலையல. ரொம்ப நாளா இங்கதான் இருக்கு. படம் பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சது."

எலாடியா மண்டியிட்டபடியே திரும்பிப் பார்த்தாள்.

"இந்தப் பாறைக்குக் கீழதான் உங்கப்பா கெடந்தாரு."

டெல்ஃபின் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான்.

"குப்புறக் கெடந்தாரு. தோளைப் புடிச்சுத் திருப்பினேன். அவருதான். மேட்டுல சிப்பாய்ங்க நின்னுக்கிட்டிருந்தாங்க. யார் அழுவுறா, யார் அழலேன்னு பாக்கறதுக்குன்னே நிப்பாங்க. எனக்கு முன்னால ஒருத்தி 'என் மகனே'ன்னு விழுந்தா. அவளையும் லாரில ஏத்திட்டாங்க. அவ திரும்பி வரவே இல்ல." லியோன்சியா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். "ஒருத்தன் மேலேருந்து கேட்டான், 'என்ன, உன் ஆளா?'ன்னு. வயித்துல இவன். வீட்டுல நீ தனியா. 'இல்லீங்கய்யா, யாருன்னே தெரியல'ன்னேன். கையைத் தொடச்சுக்கிட்டு அடுத்த ஆளத் திருப்பப் போயிட்டேன்."

எலாடியாவுக்குக் காது அடைத்துக்கொண்டது.

"மறுநாள் இருட்டோட வந்தேன். பன்னிங்க வர்றதுக்கு முன்னால. கையாலயே மண்ணத் தள்ளி மூடி, மேல ஒரு பலகைக்கல்ல உருட்டி வச்சேன். ஜெபம்கூடச் சொல்லல, ஓடிட்டேன்."

"அப்போ தெரியுமா உனக்கு?" எலாடியா முதலில் மெதுவாகத்தான் கேட்டாள். அப்புறம் பள்ளம் அதிரக் கத்தினாள். "தெரியுமா உனக்கு? இத்தனை வருஷமா தெரியுமா? மலைமலையா அலஞ்சேனேம்மா! குழி தோண்டுற எடத்துக்கெல்லாம் போய் ஒவ்வொரு எலும்பா எட்டிப் பாத்தேனே! நீயும் கூடவே வந்து நின்னியே! கந்தத்துணியப் பரப்பிவச்சா, 'இது அவரோடது இல்ல'ன்னு தலையாட்டுனியே! ஆபேல் என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதான். 'அப்பாவ அடக்கம் பண்ணாம வரமாட்டேன்'னு அவன அனுப்பிச்சேனே, அன்னிக்குக்கூட நீ அடுப்படில தானம்மா நின்ன?"

"நின்னேன்."

"ஏம்மா சொல்லல?"

"மொதல்ல பயம். நீ சின்னப் பொண்ணு, எங்கயாவது வாய் தவறிச் சொல்லிட்டா? சண்டை ஓய்ஞ்சப்ப சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ போட்டோவக் கையில எடுத்துட்ட. 'எங்கப்பா எங்க'ன்னு அதிகாரிங்க மூஞ்சிக்கு நேரா கேட்ட. ஊரே உன்ன மெச்சுச்சு. உன்கிட்ட வந்து, நான்தான்டி அவரத் தெரியாதுன்னு சொன்னவ, நான்தான் விட்டுட்டு வந்தவன்னு எப்படிச் சொல்லுவேன்? உன் மூஞ்சியப் பாக்கவே எனக்குப் பயம் எலாடியா. சிப்பாய்ங்களக்கூட அவ்வளவு பயப்படல."

எலாடியா அழவில்லை. அழுகை வரும் இடம் வறண்டுபோய்விட்டது. அவளுடைய இளமை முழுவதும் ஒரு பொய்யின் பின்னால் நடந்து தேய்ந்திருக்கிறது. அந்தப் பொய் சொல்லாவிட்டால் அவள் உயிரோடு இருந்திருக்க மாட்டாள், இதோ நிற்கும் தம்பி பிறந்தே இருக்க மாட்டான். இந்த இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"படத்துல அந்தப் பொண்ணு குனிஞ்சு தோளைத் தொட்டா பாரு" என்றாள் லியோன்சியா. "நான் எந்திரிச்சு, 'அவருதான், என் புருஷன்தான்'னு சொல்லிட்டேன். இங்க சொல்லாதத அந்த மண்டபத்துல சொன்னேன். யாருக்கும் கேக்கல."

பிறகு அவள் பாறையடியையே பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"அந்தப் பலகைக்கல்ல யார் நகத்தினது?"

அப்போதுதான் எலாடியாவும் பார்த்தாள். ஒரு தட்டைக்கல் தள்ளிக் கிடந்தது. அது இருந்த இடம் கரை அரித்து, மழைநீர் வழிந்தோடிய வெறும் பள்ளமாக இருந்தது.

டெல்ஃபின் அந்தப் பக்கமே திரும்பாமல் நின்றான். அவன் உதடு வெளுத்திருந்தது.

"டெல்ஃபின்" என்றாள் எலாடியா.

"கேமராவுக்கு மறைக்குதுன்னு நகத்தினோம்கா... கீழ எலும்பு இருந்துச்சு."

"என்னடா சொல்ற?"

"ஆதிகாலத்தாளுங்கன்னு நெனச்சோம். சத்தியமா. இந்த மலையில எந்தக் குகையக் கிண்டினாலும் அவங்க எலும்புதான வரும்? மரியாதை பண்ணித்தான் எடுத்தோம்கா. கோக்கா வச்சோம். சாராயம் தெளிச்சோம். நானே மண்டி போட்டு, 'மன்னிச்சிக்கோங்க பெரியவங்களே, ஒரு படத்துக்காகக் கேக்குறோம்'னு அனுமதி கேட்டேன். தலைய மட்டும் எடுத்துக்கிட்டோம். மிருகத்தோட குகையில வைக்கிறதுக்கு. மத்தத அப்படியே மண்ணப் போட்டு மூடிட்டோம்... கல்லத் திருப்பி வைக்கல. இந்த வருஷ மழையில..."

அவன் அரித்துப்போன கரையைப் பார்த்தான். மிச்ச எலும்புகளை மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. 

எலாடியா எழுந்து அவன் எதிரில் போய் நின்றாள். இந்த முறை அடிக்கவில்லை. புதைகுழிகளின் ஓரத்தில் நின்று நின்று அவள் கற்றுக்கொண்ட கேள்வி ஒன்று இருந்தது. அதைத்தான் கேட்டாள்.

"கால்ல என்ன இருந்துச்சு?"

"அக்கா..."

"கால்ல என்னடா இருந்துச்சு?"

"செருப்பு."

"என்ன செருப்பு?"

அவன் கீழே உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். உள்ளிருந்து வந்த குரல் குழந்தையுடையது போல இருந்தது.

"டயர்ச் செருப்பு."

"ஆதிகாலத்துல ஏதுடா டயர்?"

"தெரிஞ்சதுக்கா. பாத்த உடனே தெரிஞ்சது. ரோமுலோவும் பாத்தான். 'பாக்காத, மூடு, இருட்டப்போகுது, இந்த வெளிச்சம் போனா வராது'ன்னான். நானும் மூடிட்டேன். யாரோ ஒருத்தர்னு நெனச்சேன். நமக்கென்னன்னு நெனச்சேன்கா..."

எலாடியாவுக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும், சின்ன வயதில் செய்தது போல வாரி மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"தலை எங்க?"

"ரோமுலோகிட்ட. சாமான் பெட்டியில."

"பெட்டியிலயேவா இருக்கு?"

அவன் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"பெட்டியிலயேவாடா இருக்குன்னு கேட்டேன்."

"கொட்டகை வாசல்ல ஒரு மேசை போட்டு வைப்போம்கா. கூட்டம் சேர்றதுக்கு. பசங்க தொட்டுப் பாத்துக் கத்துவாங்க, அதப் பாத்துப் பெரியவங்களும் வருவாங்க. தொப்பி ஒண்ணு மாட்டி... வாயில சிகரெட் வச்சு..."

லியோன்சியா அதுவரை அசையாமல் இருந்தாள். இப்போது தலையைத் தூக்கினாள்.

"சிகரெட்டா?" என்றாள். "உங்கப்பா பொகையே புடிக்க மாட்டாருடா. அந்த வாடையே அவருக்கு ஆகாது."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. தன் பிள்ளைக்கு அவன் தகப்பனைப் பற்றித் தெரியாத ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்வது போலத்தான் சொன்னாள். டெல்ஃபின் அந்த ஒரு வார்த்தையில் உடைந்துபோனான். பள்ளத்து மண்ணில் நெற்றியை முட்டிக்கொண்டு கதறினான். பிறந்ததிலிருந்து அப்பாவைப் பற்றி அம்மா அவனிடம் சொன்ன முதல் செய்தி அது.

"எந்திரி" என்றாள் எலாடியா. "இப்ப எந்த ஊர்ல இருக்கான் அவன்?"

"நேத்து வரைக்கும் புக்கியோ. இன்னிக்குக் காலையில கெளம்பறேன்னான். நாஸ்கா வழியா கடற்கரைப் பக்கம் எறங்கி, எந்த ஊர்ல கொட்டகை கெடைக்குதோ அங்க போடறேன்னான். போன் அடிச்சேன், எடுக்கல."

"போ. போய்க் கொண்டா."

"அம்மாவ மேல தூக்கிட்டுப் போய் விட்டுட்டு..."

"என்னத் தூக்க வேண்டாம்" என்றாள் லியோன்சியா. கல்லிலிருந்து இறங்கி, அரித்துப்போன கரையின் ஓரமாக, பாறைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். "அன்னிக்கு விட்டுட்டு ஓடினேன். இன்னிக்கு ஓட மாட்டேன். அவரக் கொண்டாந்தா வீட்டுக்கு வரேன். இல்லேன்னா இங்கயே இருந்துக்கறேன்."

"சாப்பிடாத ஒடம்பும்மா. இங்க குளிரு தாங்காது. ஒரு நாள் தாங்குமா?" டெல்ஃபின் அக்காவைப் பார்த்தான். "சொல்லுக்கா! நீ சொன்னா கேப்பாங்க!"

எலாடியா சொல்லவில்லை. காலையில் கசிமிரா எச்சரித்தது அவளுக்கு நினைவிருந்தது. அம்மாவை இழுத்துக்கொண்டு போயாவது கட்டிலில் போட வேண்டும் என்பதும் தெரிந்தது. ஆனால் வாய் வரவில்லை. அவளுக்குள் எங்கோ ஒரு மூலையில், இருக்கட்டும், அப்பா தனியாகக் கிடந்த இடத்தில் ஒரு ராத்திரி இருக்கட்டும் என்று ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலைக் கேட்டு அவளே நடுங்கிப்போனாள்.

டெல்ஃபின் சரிவில் தவழ்ந்தும் ஓடியுமாக மேலே ஏறிப் போனான். கற்கள் உருளும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

எலாடியா போர்வையைத் தூக்கி உதறினாள். பூவும் மிட்டாயும் மண்ணில் விழுந்தன. அம்மாவுக்கு அருகே போய், அதை அவள் தோளில் போட்டாள். போடும்போது விரல் அம்மாவின் மேல் படாமல் போட்டாள். லியோன்சியா அதைக் கவனித்தாள்.

"பக்கத்துல வந்து உக்காரேன்டி" என்றாள்.

எலாடியா உட்காரவில்லை. விட்டுவிட்டுப் போகவும் இல்லை.